ஒரு க்ரூஸ் விற்பனைக் குழுவின் விருந்து மாலைகளும் அறப்பணிகளும்: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

சொகுசுக் கப்பல் பயணங்களை விற்கும் சென்னை முகமை ஒன்றின் விற்பனைக் குழு, நகரில் நடத்திவரும் விளம்பர நிகழ்ச்சிகளையும் அவற்றோடு சேர்த்தே செய்துவரும் அறப்பணிகளையும் பற்றிய மதிப்பீடு இது. முகமையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கே வரும் குறைகளில் பெரும்பாலானவை இத்தொழிலில் உள்ள பல குழுக்களுக்கும் பொருந்தும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலை விளக்கிச் சொல்வதில் இந்தக் குழுவுக்கு இணையாக நான் வேறு யாரையும் பார்த்ததில்லை. விலையைச் சொல்வதில் இவர்களும் மற்றவர்களைப் போலத்தான். அறப்பணிகளில் ஒரே ஒரு நிகழ்ச்சி மனதாரப் பாராட்டத்தக்கது. மற்றவற்றை விளம்பரச் செலவுக் கணக்கில் எழுதுவதே பொருத்தம்.

சென்னையிலிருந்தே கப்பல் ஏறிச் சுற்றுலா போவது இங்கே இன்னும் புதுப் பழக்கம். அதற்கு முன்பு, சிங்கப்பூர்ச் சுற்றுலாத் தொகுப்போடு இரண்டு இரவுக் கப்பல் பயணத்தைச் சேர்த்துக்கொண்டவர்களே அதிகம். 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து, கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் 17.21 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த பன்னாட்டுப் பயணியர் முனையம் திறக்கப்பட்டது. அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்குச் சென்றுவந்தது. ரயில் டிக்கெட் வாங்குகிறவருக்குத் தாம் வாங்குவது என்னவென்று தெரியும். கேபின் வாங்குகிறவருக்கு, அதுவும் முதன்முறை வாங்குகிறவருக்கு, அது தெரியாது. ஆகவே செய்தித்தாள் விளம்பரம் மட்டும் போதாமல், ஆட்களை நேரில் உட்காரவைத்து விளக்க வேண்டிய தேவை விற்பனைக் குழுக்களுக்கு ஏற்பட்டது. விருந்து மாலைகளும், வணிக வளாகக் கடைகளும், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டங்களும் அந்தத் தேவையிலிருந்து பிறந்தவையே.

இவற்றில் விருந்து மாலைதான் விரிவாகச் சொல்லத்தக்கது. தி.நகரில் ஒரு நட்சத்திர ஓட்டலின் சிறு அரங்கில் நடந்தது. வணிக வளாகத்தில் குலுக்கல் சீட்டு எழுதிப் போட்டவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்திருந்தது. கணவன், மனைவி இருவருமாக வர வேண்டும், தொண்ணூறு நிமிடம் இருந்தால்தான் அன்பளிப்பு என்பவை நிபந்தனைகள். வாசலில் கொடுத்த படிவத்தில் பெயருக்கும் கைபேசி எண்ணுக்கும் கீழே ஆண்டு வருமானம், சொந்தக் கார் உண்டா, எத்தனை கிரெடிட் கார்டு என்ற கேள்விகள் இருந்தன. நான் அந்தப் பகுதியை நிரப்பாமல் கொடுத்தேன். வாங்கியவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் ஒலியைக் கூட்டிவைத்து ஒரு காணொளி, பிறகு மேடைத் தொகுப்பாளரின் நகைச்சுவை, பிறகு சூப். இதுவரை நடந்த எதிலும் கப்பலைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு மேசைக்கும் ஒருவர் வந்து அமர்ந்தார். எங்கள் மேசைக்கு வந்த இளைஞர் கப்பலில் வேலை பார்த்துவிட்டுக் கரைக்கு வந்தவர். பளபளப்பான கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, கப்பலின் டெக் வரைபடத்தை மேசையில் விரித்து, கையில் பென்சிலோடு பேசத் தொடங்கினார். நீச்சல் குளம் உள்ள தளத்துக்கு நேர் கீழே கேபின் எடுத்தால், விடிவதற்கு முன்பே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும் என்றார். கப்பலின் முன்முனையிலும் பின்முனையிலும் ஆட்டம் அதிகம், நடுப்பகுதியில் கீழ்த்தளங்களில் குறைவு. ஆகவே தலைசுற்றல் உள்ளவர்கள் கூடுதல் பணம் கொடுத்து மேல்தளத்து பால்கனி கேபினை எடுப்பது, காசு கொடுத்து வாந்தியை வாங்குவதாகும் என்று சிரிக்காமல் சொன்னார். ஓஷன் வியூ என்று விற்கப்படும் சில கேபின்களின் ஜன்னலை உயிர்காப்புப் படகு மறைத்து நிற்கும். அவற்றைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். இரண்டு கேபின்களுக்கு நடுவே இணைப்புக் கதவு இருந்தால் குடும்பமாகப் போகிறவர்களுக்கு வசதி, முன்பின் தெரியாதவர் பக்கத்து அறையில் இருந்தால் இரவெல்லாம் அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டியதுதான். கேபின் எண் தராமல் வகையை மட்டும் உறுதிசெய்யும் மலிவான சீட்டை ‘கேரண்டி’ என்கிறார்கள். அதை எடுத்தால் எந்தக் கேபின் என்பதை நிறுவனம் தீர்மானிக்கும், பிறகு வருந்திப் பயனில்லை.

பக்கத்து மேசையிலிருந்த ஓர் அம்மையார் நவம்பரில் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டிக் கப்பலில் போக வேண்டும் என்று கேட்டபோது இந்த இளைஞர் சொன்ன பதில், விற்பனையில் நான் அரிதாகவே கேட்டது. “அம்மா, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் வங்கக் கடலில் புயல் காலம். கப்பல் புறப்பட்டாலும் நீங்கள் கேட்ட ஊருக்குப் போகும் என்று என்னால் சொல்ல முடியாது. கோயிலில் சடங்கை முடித்துக்கொண்டு, கோடையில் போங்கள்.” அவருடைய மேலாளர் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது, நான் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் இந்தக் குழுவை மேலும் கவனிக்கத் தொடங்கினேன்.

கப்பலின் வயதைப் பற்றி யாரோ கேட்டார்கள். மேடைத் தொகுப்பாளர் “நவீன வசதிகள் கொண்ட” என்று தொடங்கி வேறெங்கோ போய்விட்டார். இளைஞர் மட்டும், எம்பிரஸ் 1990இல் பிரான்சின் சான் நசேர் தளத்தில் கட்டப்பட்டு, நோர்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக ஓடத் தொடங்கியது, பல முறை புதுப்பிக்கப்பட்டது என்று நேராகச் சொன்னார். பழைய கப்பல் என்பது குறையன்று. நடைக்கூடங்கள் குறுகியிருக்கும், பால்கனி கேபின்கள் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். தெரிந்துகொண்டு வாங்குகிறவருக்கு ஏமாற்றம் இல்லை. 2022 ஜூனில் புதுச்சேரி அரசு அனுமதி தராததால் அங்கே இறங்குவதாக நம்பிச் சென்ற பயணிகள் இறங்க முடியாமல் போன செய்தியை இன்னொருவர் நினைவூட்டினார். வானிலையாலோ அரசு அனுமதியாலோ வழித்தடம் மாறினால் அதற்காகப் பயணத்தை ரத்து செய்து முழுப் பணத்தையும் கேட்க முடியாதபடியே பெரும்பாலான நிறுவனங்களின் பயண நிபந்தனைகள் எழுதப்பட்டுள்ளன. இதை மேடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, கேட்ட மேசைக்கு மட்டும் சொன்னார்கள்.

இனி விலை. பதாகையில் பெரிய எழுத்தில் இருந்த தொகை, ஒரு கேபினில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் அடிப்படைக் கட்டணம். அதன்மேல் துறைமுகக் கட்டணம், பணியாளர் சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி ஆகியவை வரும். தனியாகப் போகிறவர் இரண்டு பேர் கட்டணத்துக்கு நெருக்கமாகக் கொடுக்க நேரும். மூன்றாவது, நான்காவது படுக்கைக்கு விலை குறையும். மதுபானம், இணையம், கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் பேருந்து, சில தனி உணவகங்கள் எல்லாம் தனிக் கணக்கு. எங்கள் குடும்பத்துக்குப் போட்டுக் கொடுத்த தாளில், எல்லாம் சேர்ந்த தொகை பதாகையில் இருந்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. இவற்றில் எதுவும் கள்ளக் கணக்கு இல்லை. ஆனால் முழுத் தொகையை முதலில் சொல்லாமல், வாடிக்கையாளர் மனத்தளவில் கப்பலில் ஏறி அமர்ந்த பிறகு படிப்படியாக ஏற்றுவது ஒரு உத்தி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை ஏய்க்கும் 13 உத்திகளைப் பெயரிட்டுத் தடுக்கின்றன. விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுவது அவற்றுள் ஒன்று. ‘இன்று இரவு மட்டும்’ என்று பொய்யான அவசரத்தை உண்டாக்குவது இன்னொன்று. எங்கள் மேசையில் அந்த இரவோடு முடிவதாகச் சொல்லப்பட்ட சலுகை, அதற்கடுத்த வாரம் வேளச்சேரி வணிக வளாகத்தில் அதே குழு போட்டிருந்த கடையில் அதே தொகைக்குக் கிடைத்தது.

அன்பளிப்பைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. குலுக்கலில் அங்கிருந்த எல்லாருமே ‘வென்றோம்’. பரிசு, வேறொரு ஊரின் விடுதியில் இரண்டு இரவுத் தங்கலுக்கான கூப்பன். வார இறுதியில் செல்லாது, முன்பதிவுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். வணிக வளாகக் கடையிலும் குடியிருப்புச் சங்கக் கூட்டத்திலும் நடப்பது இதன் சுருக்கமே. சங்கக் கூட்டத்தில் பில்டர் காபி நன்றாக இருந்தது, குழந்தைகளுக்குக் காகிதக் கப்பல் செய்யும் போட்டி வைத்தார்கள்; அதற்கு மேல் அங்கே எவரும் எதையும் வாங்கியதாகத் தெரியவில்லை.

அறப்பணிகளுக்கு வருவோம். முதலாவது, குருதிக்கொடை முகாம். உரிமம் பெற்ற குருதி வங்கி ஒன்றைக் கூட்டிவந்து, படுக்கை, மருத்துவர், பழச்சாறு எல்லாவற்றையும் ஒழுங்காக ஏற்பாடு செய்திருந்தார்கள். வயது, எடை, ஹீமோகுளோபின் பார்த்துச் சிலரைத் திருப்பியும் அனுப்பினார்கள். கொடுத்தவர்களுக்குச் சான்றிதழோடு ஓர் உறையும் தரப்பட்டது. உறைக்குள் கப்பல் கட்டணத்தில் சில ஆயிரம் ரூபாய் தள்ளுபடி தரும் கூப்பன் இருந்தது. பணத்துக்குக் குருதி கொடுப்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக 1998 ஜனவரி 1 முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டது. பணத்துக்காகக் கொடுக்க வருகிறவர் தம் உடல்நிலையை மறைக்கக்கூடும், அதனால் பெறுகிறவர் உயிருக்கு ஆபத்து என்பதே அதற்குக் காரணம். சாவிக்கொத்து, தண்ணீர்க் குவளை போன்ற சிறு நினைவுப் பொருள் தருவது வேறு. பணமதிப்புள்ள தள்ளுபடி தருவது வேறு. அங்கிருந்த குருதி வங்கி மருத்துவர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இதை இங்கே வைத்துக் கொடுக்காதீர்கள், எங்களுக்குச் சிக்கல்” என்று குழுத் தலைவரிடம் கண்டிப்பாகச் சொன்னார். மீதி உறைகள் பெட்டிக்குள் போயின. சொன்னதும் கேட்டுக்கொண்டார்கள் என்பதை அவர்கள் பக்கத்தில் எழுதுகிறேன். சொல்லும்வரை அது யாருக்கும் தோன்றவில்லை என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குப் பள்ளிப் பைகளும் நோட்டுகளும் கொடுத்தது. பைகள் தரமானவை, தையல் பிரியாத, மழைக்கு உறை உள்ள பைகள். ஆனால் ஒவ்வொரு பையிலும் முகமையின் சின்னமும் தொலைபேசி எண்ணும் அச்சிடப்பட்டிருந்தன. அதைவிடக் கடுமையான குறை, அந்தப் பைகளைத் தோளில் மாட்டி வரிசையாக நிறுத்தி எடுத்த படத்தை, முகம் தெளிவாகத் தெரிய, அடுத்த பயணச் சலுகையின் விளம்பரத்தில் பயன்படுத்தியது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதைத் தடைசெய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இல்லத்தில் வளரும் குழந்தைகள் இந்தப் பிரிவுக்குள் வருபவர்கள். சட்டத்தை விடுங்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், தான் இல்லத்தில் வளர்கிறவள் என்பதை வகுப்புத் தோழியரிடம் சொல்லாமல் வைத்திருக்கலாம். அதை ஊருக்கெல்லாம் சொல்ல ஒரு கேபின் விற்பனை யாருக்கு உரிமை கொடுத்தது? நான் சுட்டிக்காட்டிய பிறகு படம் நீக்கப்பட்டது. இரண்டு நாள் ஆனது.

மூன்றாவது ஏற்பாடு நுட்பமானது. விற்கும் ஒவ்வொரு கேபினுக்கும் ஐந்நூறு ரூபாய் அந்த இல்லத்துக்குப் போகும் என்று அறிவித்திருந்தார்கள். முகமை தன் லாபத்திலிருந்து தருகிறது என்றே எல்லாரும் நினைத்தோம். கட்டண விவரத் தாளைப் பார்த்தால், ஜிஎஸ்டி வரிக்கு மேலே ‘நலநிதி’ என்று ஒரு வரி, அதில் ஐந்நூறு ரூபாய், கட்டுவது நாங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள்; ஆனால் கேட்க வேண்டும், கேட்கும்போது “குழந்தைகளுக்குத்தானே, சார்” என்ற ஒரு பார்வையைத் தாங்க வேண்டும். மேலே சொன்ன அதே 2023ஆம் ஆண்டு நெறிகள், நுகர்வோரின் ஒப்புதல் இல்லாமல் கட்டணத்தில் நன்கொடையைச் சேர்ப்பதைக் கூடைக்குள் திணித்தல் என்றும், மறுப்பவரைக் கூச்சப்படவைப்பதை இன்னொரு உத்தி என்றும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. நன்கொடை என்ற சொல்லை நெறிகளே எடுத்துக்காட்டாக எழுதியிருக்கின்றன என்றால், இந்த வழக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஊகிக்கலாம்.

இதில் கணக்குச் சிக்கலும் உண்டு. நூறு பேரிடம் ஐந்நூறு ஐந்நூறாக வாங்கி முகமை தன் பெயரில் காசோலை கொடுத்தால், நன்கொடைக்கான வரிக்கழிவு ரசீது முகமையின் பெயரில் வரும். வரிச் சலுகையும் அதற்கே. கொடுத்தவர்களுக்குக் கையில் ஒன்றும் இல்லை. (புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவு எப்படியும் கிடையாது, அதனால்தான் பலர் இதைக் கவனிப்பதில்லை போலும்.) கல்யாண வீட்டு மொய் நோட்டில்கூட யார் எவ்வளவு என்பது பெயரோடு ஏறுகிறது; இங்கே மொய் எழுதியவர்கள் நாங்கள், வாசித்த பெயர் முகமையுடையது. எத்தனை கேபின் விற்றது, எவ்வளவு சேர்ந்தது, எந்தத் தேதியில் இல்லத்துக்குப் போனது என்ற ஒரு தாளைக் கேட்டேன். இல்லத்தின் ரசீது நகல் ஒன்றைக் காட்டினார்கள். தொகை இருந்தது, கேபின் எண்ணிக்கை இல்லை, ஆகவே சரிபார்க்க வழியில்லை.

விருந்தில் நடந்த ஏலத்தையும் இத்தோடு சேர்த்துச் சொல்லலாம். ஒரு ‘இலவசக் கேபின் இடத்தை’ ஏலம் விட்டு, அந்தப் பணத்தை இல்லத்துக்குக் கொடுத்தார்கள். கூட்டமாகப் பதிவு செய்யும் முகவருக்கு, பதினாறு பேருக்கு ஒரு படுக்கை என்பது போன்ற கணக்கில் கப்பல் நிறுவனங்கள் இலவச இடம் தருவது உலகெங்கும் உள்ள வழக்கம். அந்த இடத்தைச் சொந்தக்காரருக்கோ நண்பருக்கோ கொடுக்காமல் ஏலம் விட்டது நல்ல செயல்தான், ஏலம் எடுத்தவரும் மகிழ்ந்தார். ஆனால் மேடையில் அதை முகமையின் “நன்கொடை” என்று அறிவித்தபோது, அது அவர்கள் கைக்காசு அன்று என்பதைத் தொழில் தெரிந்த நாலு பேர் புரிந்துகொண்டு சிரித்தோம்.

குழுவினர் இவற்றையெல்லாம் “எங்கள் சிஎஸ்ஆர்”, அதாவது நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பணி, என்கிறார்கள். கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற வரம்புகளில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனங்களுக்கே அந்தக் கடமை உண்டு. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டை அவை செலவிட வேண்டும். ஒரு நகரத்து முகமைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆகவே கட்டாயமில்லாமல் செய்கிறார்கள் என்பது பெருமைதான். அதே சமயம், 2021இல் திருத்தப்பட்ட சிஎஸ்ஆர் விதிகள், சொந்தப் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பரப் பயன் பெறுவதற்காகச் செய்யும் புரவலர் செலவைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் கொள்ளக்கூடாது என்கின்றன. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சின்னம் அச்சிட்ட பையும் கூப்பன் வைத்த உறையும் சமூகப் பொறுப்பு ஆகா.

வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்களும் பயணிகளிடம்தான் வாங்குகின்றன என்று குழுத் தலைவர் வாதிட்டார். உண்மைதான். கார்னிவல் நிறுவனம் 2010 முதல் மெம்பிஸ் நகரின் செயிண்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனைக்குக் கப்பலிலேயே நிதி திரட்டுகிறது. ஹாலந்து அமெரிக்கா கப்பல்களில் நன்கொடை கொடுத்துவிட்டுத் தளத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடக்கும் வழக்கம் உண்டு. எம்எஸ்சி 2009 முதல் யூனிசெஃப் அமைப்போடு சேர்ந்து பயணிகளிடம் நிதி சேர்க்கிறது. இவற்றிலும் விளம்பரம் இல்லாமல் இல்லை. சட்டையும் கைப்பட்டையும் கொடுத்துப் படம் எடுக்கத்தான் செய்கிறார்கள். வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. பயணி பணம் கட்டிக் கப்பல் ஏறிய பிறகுதான் அவரிடம் கேட்கிறார்கள்; ஆகவே அறம் அங்கே சீட்டு விற்கும் தூண்டிலாக இல்லை. பெறுகிற அமைப்பு தன் கணக்கைத் தானே வெளியிடும் பெரிய அமைப்பு. எனவே இடையில் நிற்கிறவரை நம்ப வேண்டியதில்லை. இதைவிட உயர்ந்தது, கப்பல் கப்பலாகவே உதவிய நேரங்கள். 2019 செப்டம்பரில் டோரியன் புயல் பஹாமாஸ் தீவுகளைச் சிதைத்தபோது, கிராண்ட் செலிப்ரேஷன் என்ற கப்பல் புளோரிடாவின் பாம் பீச்சிலிருந்து நிவாரணப் பொருள்களையும் தொண்டர்களையும் ஃபிரீபோர்ட்டுக்கு ஏற்றிச் சென்று, திரும்பும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை ஏற்றி வந்தது. கப்பலை வைத்திருப்பவர் மட்டுமே செய்யக்கூடிய உதவி அது.

இந்தச் சென்னைக் குழுவும் அப்படி ஒன்றைச் செய்திருக்கிறது. விந்தை என்னவென்றால், அதை அவர்கள் எந்த விளம்பரத்திலும் பெரிதாகப் போடவில்லை. காசிமேடு, ராயபுரம் பகுதி இளைஞர்களுக்காகக் கப்பல் வேலை பற்றிய ஒரு வழிகாட்டல் அமர்வு நடத்தினார்கள். பதாகை இல்லை, குலுக்கல் இல்லை, பேசியவர் அதே பென்சில் இளைஞர். சமையல், அறைப் பராமரிப்பு, உணவு பரிமாறுதல், இயந்திர அறை என எந்த வேலைக்கு எந்தப் படிப்பு வேண்டும் என்பதில் தொடங்கினார். கடவுச்சீட்டு, சிடிசி எனப்படும் கடலோடி ஆவணம், மருத்துவச் சான்று ஆகியவற்றை எந்த வரிசையில் எடுப்பது என்று பலகையில் எழுதிப் போட்டார். எஸ்டிசிடபிள்யூ என்ற பன்னாட்டுக் கடலோடித் தகுதி விதிகளின்படியான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் நீரில் உயிர்காத்தல், தீயணைப்பு, முதலுதவி, தனிமனிதப் பாதுகாப்பு ஆகிய பாடங்கள் இருக்கும், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஏற்ற பயிற்சி நிலையத்தில் படித்தால்தான் அது செல்லும் என்பதை இரண்டு முறை சொன்னார். ஒப்பந்தம் பல மாதங்களுக்கு நீளும், அந்த மாதங்களில் வார விடுமுறை என்று ஒன்று இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

பிறகு அரங்கில் எல்லாருக்கும் தேவைப்பட்ட செய்திக்கு வந்தார். கப்பலில் வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இந்தக் கரையோரம் எங்கும் உண்டு. ஆள் சேர்க்கும் நிறுவனத்துக்கு, கடலோடிகளை வேலைக்கு எடுக்க அரசு தரும் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இயக்குநரகத்தின் தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கவே கூடாது என்பது இந்தியா 2015இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. இதைச் சொன்னதும் பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, தன் கைபேசியில் ஒரு நியமனக் கடிதத்தைக் காட்டினான். நிறுவனத்தின் பெயர் பெரியது, அனுப்பிய மின்னஞ்சல் முகவரி இலவசக் கணக்கு, முன்பணம் கேட்டிருந்தது ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில். “இன்னும் கட்டவில்லையே தம்பி?” என்று கேட்டார். கட்டவில்லை. அந்த ஒரு வீட்டில் நகை தப்பியது. ஒரு மாலை முழுவதும் பள்ளிப் பை கொடுத்தாலும் அந்தப் பயன் கிடைத்திருக்காது.

வாங்கிய பிறகு கிடைக்கும் சேவையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பயணத் தேதிக்கு முன்பு கைபேசியை எடுக்கிறார்கள், ஆவணங்களைத் தெளிவாகக் கேட்கிறார்கள். வெளிநாட்டுத் துறைமுகம் உள்ள பயணத்துக்குக் கடவுச்சீட்டின் செல்லுபடிக் காலத்தைப் பதிவு செய்யும்போதே பார்த்துச் சொல்கிறார்கள். சைவ உணவைப் பற்றிக் கேட்டால், இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த உணவகத்தில் எந்த வேளைக்கு என்று விளக்குகிறார்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற அட்டவணை மட்டும் பணம் கட்டிய பிறகே மின்னஞ்சலில் வருகிறது. அதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, ஆனால் கையில் எழுத்துத் தாள் இருந்தால்தான் அங்கேயும் பேச முடியும்.

ஆகவே விருந்து மாலைக்குப் போகிறவர்கள் வருமானக் கேள்விகளை நிரப்பாமல் விட்டு, டெக் வரைபடத்தோடு பேசுகிறவரைக் கேட்டு வாங்கி, எல்லா வரிகளும் சேர்ந்த மொத்தத் தொகையை ஒரே வரியில் எழுதித் தரச் சொல்லிவிட்டு, அன்று பணம் கட்டாமல் வீட்டுக்கு வரலாம். நலநிதி வரியை எடுக்கச் சொல்லி, அதே ஐந்நூறை இல்லத்துக்கு நேராகக் கொடுத்துத் தம் பெயரில் ரசீது வாங்கலாம். கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

குழுவுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு, அதை எழுத்திலும் கொடுத்திருக்கிறேன். காசிமேட்டு அமர்வை வேலை நாள் காலையில் வைத்ததால், வந்திருக்க வேண்டிய பையன்களில் பாதிப் பேர் அப்போது கடலிலோ மீன் இறக்கும் இடத்திலோ இருந்தார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். அடுத்த அமர்வை அந்த நாள்களில், ஓட்டல் அரங்கை விட்டு அங்கேயே ஏதாவது சமுதாயக் கூடத்தில் வைத்தால், நாற்காலி வாடகையைத் தவிர வேறு செலவு இருக்காது.